ஊருக்கு வேண்டியிருந்த பிள்ளைகள்

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகள் அமெரிக்கர் ஒருவரை மணந்திருக்கிறார். உங்கள் சம்பந்திகள் இருவருமே கேன்சஸ் மாநிலத்துச் சிற்றூர்களில் 1940களில் பிறந்து அங்கேயே வளர்ந்தவர்கள். சம்பந்தி தம் பிள்ளைப் பருவத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால், அதைப் போன்ற காலம் இனி யாருக்கும் வாய்க்காது என்கிறார். சம்பந்தி அம்மாளோ, பள்ளி முடிந்து அந்த ஊரைவிட்டு என்றைக்குக் கிளம்புவோம் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்ததாகச் சொல்கிறார். இருவரில் யார் சொல்வது உண்மை என்று கேட்கிறீர்கள். இருவர் சொல்வதும் உண்மை என்பதே என் பதில். இரண்டு உண்மைகளும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை என்பதால் அந்த வேரைத்தான் நான் சற்று விரிவாக விளக்க வேண்டியிருக்கிறது.

கேன்சஸின் கிழக்குப் பகுதியில் நான் படித்தும் வேலை பார்த்தும் எட்டு ஆண்டுகள் வாழ்ந்தேன். அதில் நான்கு ஆண்டுகள், 1940இல் பிறந்து அதே வட்டாரத்தில் வளர்ந்த ஒரு மூதாட்டியின் வீட்டு மாடியில் குடியிருந்தேன். இங்கே நான் எழுதுவதில் ஒரு பகுதி அவர் குளிர்கால இரவுகளில் சமையலறை மேசையில் உட்கார்ந்து சொன்னது. மற்றொரு பகுதி, அந்தக் காலத்துச் சிற்றூர்ப் பிள்ளைகளைப் பற்றி உலகிலேயே மிக விரிவாகச் செய்யப்பட்ட ஆய்வு ஒன்றிலிருந்து நான் கற்றது. அந்த ஆய்வு நடந்த ஊரும் கேன்சஸிலேயே இருப்பதால், உங்கள் கேள்விக்கு அதைவிடப் பொருத்தமான சான்று கிடைக்காது.

டொபீகா நகரத்துக்கு வடகிழக்கே ஜெஃபர்சன் கவுண்டியின் தலைமையிடமாக ஆஸ்கலூசா என்ற ஊர் இருக்கிறது. கவுண்டி என்பது நம் மாவட்டத்தைப் போன்ற ஆட்சிப் பிரிவு. 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கே எழுநூற்றுச் சொச்சம் பேர் வாழ்ந்தார்கள். ராஜர் பார்க்கர் என்ற உளவியலாளர் 1947இல் கேன்சஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததும், ஹெர்பர்ட் ரைட் என்ற சக ஆய்வாளரோடு இணைந்து இந்த ஊரில் ஓர் ஆய்வு நிலையத்தைத் தொடங்கினார். தாம் வேறு ஊரில் இருந்துகொண்டு வந்து போகாமல், மனைவி மக்களோடு அந்த ஊரிலேயே குடியேறினார். குழந்தைகளைச் சோதனைக்கூடத்துக்கு அழைத்து வந்து கேள்வி கேட்பதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. ஒரு பறவை எங்கே கூடு கட்டுகிறது, எதைத் தின்கிறது என்று காட்டிலே உட்கார்ந்து கவனிக்கிறவரைப் போல, குழந்தையை அது வாழும் இடத்திலேயே பார்க்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை.

1949 ஏப்ரல் 26 அன்று, ஏழு வயதுச் சிறுவன் ஒருவனை, அவன் காலையில் கண் விழித்ததிலிருந்து இரவு படுக்கைக்குப் போனது வரை, எட்டுப் பேர் முறைவைத்துக்கொண்டு பின்தொடர்ந்து, அவன் செய்ததையும் சொன்னதையும் நிமிடம் தவறாமல் எழுதினார்கள். பெற்றோரின் சம்மதத்தோடு, பெயரை மாற்றி வெளியிடப்பட்ட அந்த ஒரு நாளின் பதிவு நானூறு பக்கங்களுக்கு மேல் நீண்டது. அதில் வியப்பூட்டும் நிகழ்ச்சி என்று ஒன்றுமே கிடையாது. பையன் எழுகிறான், சாப்பிடுகிறான், பள்ளிக்குப் போகிறான், விளையாடுகிறான், தூங்குகிறான். ஆனாலும் பொறுமையாகப் படிக்கிறவருக்கு ஒன்று புலப்படும். அந்த ஏழு வயதுப் பையனுக்கு ஊர் முழுவதும் திறந்து கிடக்கிறது. இங்கே போகாதே, அங்கே நிற்காதே என்று ஊர் அவனை விரட்டுவதில்லை. அவன் எந்தப் பக்கம் போனாலும் அவனைத் தெரிந்தவர் ஒருவர் அங்கே இருக்கிறார்.

பார்க்கர் அடுத்து செய்ததுதான் உங்கள் கேள்விக்கு நேரடியாகத் தொடர்புடையது. ஊரில் மனிதர்கள் கூடிச் செயல்படும் களங்களையெல்லாம் அவருடைய குழு கணக்கெடுத்தது. முடிதிருத்தும் கடை ஒரு களம். மூன்றாம் வகுப்பு ஒரு களம். மெதடிஸ்ட் தேவாலயத்தில் பாடகர் குழு பயிற்சி செய்வது ஒரு களம். மருந்துக்கடை, நகர்மன்றக் கூட்டம், கூடைப்பந்தாட்டம் ஒவ்வொன்றும் ஒரு களம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் லெய்பர்ன் என்ற சிற்றூரிலும் இதே கணக்கை எடுத்தார்கள். 1963–64ஆம் ஆண்டுக் கணக்கில், 830 பேர் வாழ்ந்த கேன்சஸ் ஊரில் 884 களங்கள் இருந்தன. 1,310 பேர் வாழ்ந்த ஆங்கிலேய ஊரில் 758 களங்களே இருந்தன. கேன்சஸ் ஊரில் தலைக்கு ஒரு களம் என்பதைவிடவும் அதிகம்! ஒவ்வொரு களத்துக்கும் தலைமை தாங்க ஒருவர், கணக்கு எழுத ஒருவர், நாற்காலி அடுக்க ஒருவர், பியானோ வாசிக்க ஒருவர் வேண்டும். வேலை மலைபோல் கிடந்தது, ஆள் இல்லை. அதனால் பிள்ளைகள் இழுத்துக்கொள்ளப்பட்டார்கள்.

கேன்சஸ் ஊர், பிள்ளைகளை வளர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைக்கவில்லை, வைக்கவும் அதனால் முடியவில்லை. பன்னிரண்டு வயதுச் சிறுமி பியானோ வாசிக்காவிட்டால் அந்த ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாட்டு இல்லை. பதினான்கு வயதுப் பையன் வராவிட்டால் பேஸ்பால் ஆட்டத்துக்கு ஒன்பதாவது ஆள் இல்லை. ‘நீ வந்தால்தான் நடக்கும்’ என்று ஒரு குழந்தையிடம் பொய்யில்லாமல் சொல்லக்கூடிய ஊராக அது இருந்தது. உங்கள் சம்பந்தி எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் ஏங்குவது இதற்காகத்தான் என்று நான் உறுதியாக எண்ணுகிறேன்.

இப்போது ஊரைக் கொஞ்சம் கண் முன்னே கொண்டுவருகிறேன். கவுண்டித் தலைமையிடம் என்றால் நடுவே புல்வெளி சூழ்ந்த நீதிமன்றக் கட்டடம் இருக்கும். அதைச் சுற்றிய தெருக்களில் வங்கி, இரும்புச் சாமான் கடை, துணிக்கடை, முடிதிருத்தும் கடை, மருந்துக்கடை ஆகியவை வரிசையாக நிற்கும். மருந்துக்கடையில் ஒரு பக்கம் மருந்து விற்றார்கள். மறுபக்கம் நீண்ட பளிங்கு மேடையின் பின்னால் நின்று ஐஸ்கிரீமும் சோடாவும் கலந்து கொடுத்தார்கள். மேடைக்கு முன்னே சுழலும் உயரமான முக்காலிகள் இருந்தன. ரயில் பாதையை ஒட்டித் தானியக் கிடங்கு நெடிதுயர்ந்து நிற்கும். தண்ணீர்த் தொட்டியின் மேல் ஊரின் பெயர் எழுதியிருக்கும். நண்பகலில் தீயணைப்புச் சங்கு ஊதினால் பிள்ளைகள் எங்கே இருந்தாலும் சாப்பிட வீட்டுக்கு ஓடுவார்கள்.

வாரத்தின் உச்சம் சனிக்கிழமை இரவு. சுற்றுவட்டாரப் பண்ணைகளிலிருந்து குடும்பங்கள் முட்டையையும் பாலாடையையும் ஏற்றிக்கொண்டு ஊருக்குள் வந்து, விற்ற பணத்தில் மளிகை வாங்கின. கடைகள் இரவு வெகுநேரம் வரை திறந்திருந்தன. நான் மாடியில் குடியிருந்த வீட்டின் மூதாட்டி, அதாவது என் வீட்டுக்கார அம்மையார், பதின்மூன்று வயதில் முட்டை கொள்முதல் கடையில் சனிக்கிழமை வேலைக்குச் சேர்ந்தார். இருட்டறையில், தகரப் பெட்டிக்குள் எரியும் விளக்கின் துளைக்கு முன்னே ஒவ்வொரு முட்டையாகப் பிடித்து மெல்லத் திருப்ப வேண்டும். உள்ளே மஞ்சள் கரு நிழல்போலச் சுற்றி வரும். இரத்தப் புள்ளி தெரிந்தால் அந்த முட்டையை ஒதுக்க வேண்டும். ஒரு கையில் இரண்டு முட்டைகளை விரலால் உருட்டி உருட்டிப் பார்க்கக் கற்றுக்கொண்டதைச் சொல்லும்போது, எழுபது வயதை நெருங்கிய அவருடைய விரல்கள் மேசை மேல் தாமாகவே அந்த அசைவைச் செய்தன. தாம் ஒதுக்கிய முட்டையைப் பற்றி அவருடைய தந்தை வயதுடைய பண்ணைக்காரர் சண்டைக்கு வந்ததாகவும், கடைக்காரர் ‘அவள் பார்த்துச் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்’ என்று சொல்லிவிட்டதாகவும் என்னிடம் மூன்று முறையாவது சொல்லியிருப்பார்.

வேலை என்பது அங்கே வறுமையின் அடையாளமாகக் கருதப்படவில்லை. செய்தித்தாள் போடுவது, புல் வெட்டுவது, கோடையில் வைக்கோல் கட்டு தூக்குவது, அயோவா, நெப்ராஸ்கா பக்கம் வீரியவிதை மக்காச்சோளக் கொல்லைகளில் ஆண் பூக்கதிரைக் கிள்ளுவது என எல்லாமே பிள்ளைகள் செய்த வேலைகள். பண்ணைப் பிள்ளைகளுக்கு ஃபோர்-ஹெச் என்ற அமைப்பு இருந்தது. தலை, இதயம், கை, உடல்நலம் ஆகிய நான்கையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்திலிருந்து வந்த பெயர் அது. பத்து வயதுப் பிள்ளை ஒரு கன்றை வாங்கி, தீவனச் செலவை நோட்டில் எழுதி, அதைக் குளிப்பாட்டிச் சீவி வளர்த்து, கோடை முடிவில் கவுண்டிச் சந்தைக்கு நடத்திக்கொண்டு போகும். பரிசு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் பெரும்பாலும் கன்று அன்றே இறைச்சிக்காக ஏலம் போய்விடும். ஏலத்தொகை பிள்ளையின் வங்கிக் கணக்கில் சேரும். பிள்ளை கொட்டகைக்குப் பின்னால் போய் அழும். இரண்டுமே கல்வி என்று பெரியவர்கள் நினைத்தார்கள்.

பள்ளிக்கூடத்தில்தான் ஆள் பற்றாக்குறையின் பயன் மிகத் தெளிவாகத் தெரிந்தது. கிழக்குக் கேன்சஸில் 35 மாணவர்கள் படித்த மிகச் சிறிய பள்ளியிலிருந்து 2,287 மாணவர்கள் படித்த பெரிய நகரப் பள்ளி வரை 13 உயர்நிலைப் பள்ளிகளைப் பார்க்கரின் குழு ஒப்பிட்டது. பெரிய பள்ளியில் நாடகம் முதல் விளையாட்டு வரை எல்லாமே சிறப்பாக இருந்தன. ஆனால் பெரும்பாலான மாணவர்கள் அவற்றைப் பார்வையாளர் இருக்கையிலிருந்துதான் பார்த்தார்கள். சிறிய பள்ளியில் ஒரே மாணவன் கூடைப்பந்து ஆடினான், நாடகத்தில் நடித்தான், இசைக்குழுவில் ஊதினான், ஆண்டு மலருக்குக் கட்டுரையும் எழுதினான். எதிலும் அவன் பெரிய தேர்ச்சி பெற்றிருக்க வேண்டியதில்லை. பின்னர் எட்வின் வில்லெம்ஸ் என்பவர் செய்த ஆய்வின் முடிவு என் மனத்தை விட்டு அகலாதது. படிப்பில் பின்தங்கிய, குடும்பச் சூழல் சரியில்லாத மாணவர்கள் பெரிய பள்ளியில் ‘நாம் இல்லாவிட்டால் யாருக்கு என்ன’ என்று ஒதுங்கி நின்றார்கள். அதே தரத்து மாணவர்கள் சிறிய பள்ளியில், நன்றாகப் படிக்கிறவர்களைப் போலவே, தங்களுக்கும் பொறுப்பு இருப்பதாக உணர்ந்தார்கள். கல்வித் துறையில் இருப்பவர்கள் ஒவ்வொருவரும் இதைப் படிக்க வேண்டும்.

இதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு கேன்சஸில் இல்லை, இண்டியானாவில் இருக்கிறது. அங்கே பள்ளிகளுக்கான கூடைப்பந்துப் போட்டியில் பெரிய பள்ளி, சிறிய பள்ளி என்ற பிரிவே அப்போது கிடையாது. 161 மாணவர்கள் மட்டுமே படித்த மைலன் என்ற சிற்றூர்ப் பள்ளி, 1954 மார்ச் 20 அன்று மாநில இறுதியாட்டத்தில், தன்னைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்கு பெரிய மன்சி சென்ட்ரல் பள்ளியை 32–30 என்ற கணக்கில் வென்றது. பாபி பிளம்ப் என்ற மாணவர் கடைசிப் பகுதியில் நான்கு நிமிடங்களுக்கு மேல் பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்று, ஆட்டம் முடியும் தறுவாயில் வெற்றிப் பந்தை எறிந்தார். ஆயிரத்துச் சொச்சம் பேர் வாழ்ந்த ஊருக்கு மறுநாள் வந்து குவிந்த கூட்டத்தால் சாலைகள் அடைபட்டன.

சரி, அப்படியானால் உங்கள் சம்பந்தி அம்மாள் ஏன் நாள் எண்ணினார்? ஆள் குறைவாக இருக்கிற ஊரில் ஒவ்வொரு பிள்ளையும் வேண்டியிருந்ததைப் போலவே, ஒவ்வொரு பிள்ளையும் கண்ணில் பட்டுக்கொண்டும் இருந்தது. தொலைபேசியைப் பாருங்கள். பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே கம்பி. இரண்டு நீண்ட மணி, ஒரு குறுமணி அடித்தால் இந்த வீட்டுக்கு. மூன்று குறுமணி அடித்தால் அடுத்த வீட்டுக்கு. மணி எல்லா வீட்டிலும் கேட்கும். யார் வேண்டுமானாலும் ரிசீவரை எடுத்து ஒட்டுக்கேட்கலாம். ஒவ்வொருவர் எடுக்கும்போதும் குரல் சற்று மங்கும் என்பதால், எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பது பேசுகிறவருக்கே தெரிந்துவிடும் என்று என் வீட்டுக்கார அம்மையார் சொல்வார். ஒரு முறை இவருடைய தாய் தம் தங்கையிடம் பேசும்போது ஒரு கேக்கின் செய்முறையில் மாவின் அளவைத் தவறாகச் சொல்லிவிட, மூன்றாம் வீட்டுக்காரி குறுக்கே புகுந்து திருத்தினாராம். அதே கம்பி வழியேதான் தீ விபத்துச் செய்தியும் போனது. பிரசவ வலி கண்டவருக்கு உதவியும் வந்தது. பள்ளிக்கூடத்துப் பின்புறம் சிகரெட் பிடித்த பெண் யார் என்பதும் அவள் வீடு திரும்புவதற்குள் அவளுடைய தாய்க்குத் தெரிந்துபோனது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பது கேன்சஸுக்கும் பொருந்தும்.

இந்தக் கண்காணிப்பின் சுமை ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவில் இல்லை. பையன் ஜன்னலை உடைத்தால் அப்பன் காசு கொடுத்தான், பையன் புல் வெட்டி அந்தக் கடனைத் தீர்த்தான், கதை முடிந்தது. பெண்ணின் பெயர் கெட்டால் அதைத் தீர்க்க வழியே கிடையாது. 1950இல் அமெரிக்கப் பெண்களின் முதல் திருமண வயது சராசரியாக இருபதை ஒட்டித்தான் இருந்தது. பள்ளி முடிந்த இரண்டு ஆண்டுகளுக்குள் வாழ்க்கையின் திசை முடிவாகிவிடும். ஊருக்கு அவள் வேண்டியிருந்தாள் என்பது உண்மை. எதற்கு வேண்டியிருந்தாள் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அவளிடம் இல்லை. என் வீட்டுக்கார அம்மையார் பள்ளியில் படித்த காலத்தில் மற்ற பள்ளிகளோடு மோதும் பெண்கள் அணி என்று எதுவுமே அங்கே இல்லை. ஆண்களின் ஆட்டத்துக்கு ஆரவாரம் செய்யும் குழுவில்தான் இடம். பள்ளிகளில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் 1972இல்தான் வந்தது. அயோவா மாநிலத்தை மட்டும் இங்கே மரியாதையோடு குறிப்பிட வேண்டும். அங்கே பெருநகரப் பள்ளிகள் பெண்களுக்குக் கூடைப்பந்து ஆகாது என்று கைவிட்ட பிறகும், சிற்றூர்ப் பள்ளிகள் 1925இல் தங்களுக்கென்று தனிச் சங்கம் அமைத்து ஆட்டத்தைக் காப்பாற்றின. அணிக்கு ஆறு பேர்; மூவர் தாக்க, மூவர் தடுக்க, ஒருவரும் நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது. அந்த விதிகளோடு ஆடிய பெண்களுக்காக ஊரே கடையடைத்துவிட்டு மாநிலப் போட்டிக்குப் போனது.

அந்தக் காலத்தின் இனிமையை மட்டும் நினைவுகூர்கிறவர்கள் இளம்பிள்ளை வாதத்தை மறந்துவிடுகிறார்கள். 1952இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 58,000 பேருக்குப் போலியோ வந்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். கோடைதான் அதன் பருவம். அதாவது, பிள்ளைகள் கட்டவிழ்த்துத் திரியும் அதே மாதங்கள். அந்த ஆண்டு அம்மையாருக்குப் பன்னிரண்டு வயது. நீச்சல் குளம் பூட்டப்பட்டது. திரையரங்குக்குப் போகக் கூடாது. மதியம் கட்டாயம் படுக்க வேண்டும். காலையில் எழுந்ததும் தாய் அவரையும் தம்பியையும் சமையலறையில் நிறுத்தி, முகவாய் மார்பைத் தொடும்படி தலையைக் குனியச் சொல்வார். கழுத்து வளைந்தால் அன்றைக்குக் கவலை இல்லை. விறைப்பாக இருந்தால் அது நோயின் முதல் அறிகுறியாக இருக்கலாம். கோடை முழுவதும் ஒவ்வொரு நாளும் இது நடந்தது. மூச்சுத் தசைகள் செயலிழந்த பிள்ளைகள் நகரத்து மருத்துவமனையில் ‘இரும்பு நுரையீரல்’ என்ற உருளைக்குள், தலை மட்டும் வெளியே தெரிய, படுத்துக் கிடந்த படங்கள் செய்தித்தாளில் வந்தன. ஜோனஸ் சால்க்கின் தடுப்பூசியைச் சோதிக்க 1954இல் சுமார் 18 லட்சம் பள்ளிக் குழந்தைகள் பங்கெடுத்தார்கள். அது பலனளிக்கிறது என்று 1955 ஏப்ரல் 12 அன்று மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அறிவித்தபோது நாடெங்கும் தேவாலய மணிகள் ஒலித்தன. 1957இல் நோயாளிகளின் எண்ணிக்கை ஐயாயிரத்துச் சொச்சமாகச் சரிந்தது. பாதுகாப்பான காலம் என்று சொல்கிறவர்களின் தாய்மார்கள் அந்தச் சொல்லை ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்கள்.

இன்னும் கசப்பான ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் என் பதில் நேர்மையற்றதாகிவிடும். ‘எல்லோரும் வேண்டியவர்கள்’ என்ற அந்த ஊரில் எல்லோர் என்பது யார்? பல மாநிலங்களில் கறுப்பின மக்கள் சூரியன் மறைந்த பிறகு தங்கக் கூடாது என்ற எழுதிய விதியோ எழுதாத விதியோ இருந்த சிற்றூர்கள் ஏராளம். அங்கே வளர்ந்த வெள்ளையினப் பிள்ளைகள் பலருக்குத் தங்கள் ஊர் ஏன் அப்படி ஒரே நிறமாக இருந்தது என்பதே தெரியாது. கேன்சஸின் நிலை சற்று விசித்திரமானது. அங்கே 1879ஆம் ஆண்டுச் சட்டம், 15,000 பேருக்கு மேல் வாழும் நகரங்கள் மட்டும் தொடக்கப் பள்ளிகளை நிறத்தால் பிரித்து நடத்தலாம் என்று அனுமதித்தது. அதனால் சிற்றூரில் கறுப்பினக் குழந்தைகளும் வெள்ளையினக் குழந்தைகளும் ஒரே வகுப்பில் உட்கார முடிந்தது. தலைநகரமான டொபீகாவில் முடியவில்லை. அந்த நகரத்தில் லிண்டா பிரவுன் என்ற சிறுமி, வீட்டுக்கு அருகே இருந்த சம்னர் பள்ளியில் இடம் மறுக்கப்பட்டு, ரயில் பாதைகளைக் கடந்து நடந்து, பேருந்து பிடித்து மன்ரோ பள்ளிக்குப் போனாள். அவளுடைய தந்தையும் வேறு பன்னிரண்டு பெற்றோரும் 1951இல் தொடுத்த வழக்கில்தான், பொதுப் பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1954 மே 17 அன்று தீர்ப்பளித்தது. ஆஸ்கலூசாவின் சிறுவன் ஊர் முழுக்கத் தன்னுடையதாக நடந்து திரிந்த அதே காலத்தில், ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருந்த நகரத்தில் லிண்டா இப்படி நடந்துகொண்டிருந்தாள்.

வகுப்பறை ஒன்றாக இருந்தாலும் நீச்சல் குளம், முடிதிருத்தும் கடை, கல்லறை எல்லாம் ஒன்றாக இருந்தன என்று நினைத்துவிட வேண்டாம். டெக்சஸில் த்ரீ ரிவர்ஸ் என்ற சிற்றூரைச் சேர்ந்த ஃபெலிக்ஸ் லோங்கோரியா, 1945இல் பிலிப்பைன்ஸ் போர்க்களத்தில் உயிர் நீத்த படைவீரர். 1949இல் உடல் ஊருக்கு வரவிருந்தபோது, அவர் மெக்சிகோ வழிவந்தவர் என்பதால், அஞ்சலிக் கூடத்தைத் தர மறுத்தார்கள். வெள்ளையர்கள் விரும்ப மாட்டார்கள் என்பது காரணம். மெக்சிகோ வழிவந்தவர்களின் உரிமைக்காகப் போராடிய டாக்டர் ஹெக்டர் கார்சியா குரல் எழுப்ப, செனட்டர் லிண்டன் ஜான்சன் தலையிட்டு, அந்த ஆண்டு பிப்ரவரி 16 அன்று ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் அவரை அடக்கம் செய்ய ஏற்பாடு செய்தார். அந்த ஊரில் அப்போது பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளைகளிடம் கேட்டால், எந்தத் தெருவில் பிறந்தவர் என்பதைப் பொறுத்து வெவ்வேறு ஊரின் கதை கிடைக்கும்.

சம்பந்தியின் ஊர் பிற்பாடு என்ன ஆயிற்று என்பதும் இதோடு சேர்ந்தது. பிள்ளைகளை ஊருக்கு வேண்டியவர்களாக ஆக்கிய ஆள் பற்றாக்குறையே, அளவு மீறியபோது ஊரை அழித்தது. 1950இல் அமெரிக்காவில் சுமார் 54 லட்சம் பண்ணைகள் இருந்தன; 1969இல் ஏறத்தாழப் பாதியாகி 27 லட்சமாயின. டிராக்டரும் அறுவடை எந்திரமும் வந்த பிறகு ஒரு குடும்பமே பல குடும்பங்களின் நிலத்தை உழுதது. சனிக்கிழமை இரவு ஊருக்கு வர ஆள் குறைந்தது. 1950இல் நூற்றுக்கு ஒன்பது வீடுகளில் மட்டும் இருந்த தொலைக்காட்சி 1960இல் நூற்றுக்கு 87 வீடுகளில் இருந்தது. வந்திருக்கக்கூடிய சிலரையும் அது வீட்டில் உட்கார வைத்தது. 1956இல் நெடுஞ்சாலைச் சட்டம் வந்து, புதிய சாலைகள் ஊர்களைத் தொடாமல் ஒதுங்கிப் போயின. பள்ளிகளை நிர்வகிக்கும் பள்ளி மாவட்டங்கள் 1940இல் ஒரு லட்சத்துக்கு மேல் இருந்தன; அவை 1960இல் சுமார் 40,000 ஆகக் குறைந்தன. ஓராசிரியர் பள்ளிகள் பத்தே ஆண்டுகளில் 60,000இலிருந்து 20,000 ஆயின. நல்ல ஆய்வுக்கூடமும் நல்ல நூலகமும் வேண்டும் என்பதற்காகத்தான் பள்ளிகளை இணைத்தார்கள், நோக்கத்தில் தவறில்லை. ஆனாலும் பள்ளியை இழந்த ஊர், கூடைப்பந்து அணி, இசைக்குழு, நாடகம், ஊர்ப்பெயர் பொறித்த சட்டை அனைத்தையும் ஒரே நாளில் இழந்தது. அந்த இழப்பைக் கணக்கிட அப்போது யாரும் முனையவில்லை என்பது என் வருத்தம்.

ஆஸ்கலூசா ஆய்வு நிலையம் 1972இல் மூடப்பட்டது. பார்க்கர் அதன் பிறகும் ஊரைவிட்டுப் போகவில்லை; 1990இல் அங்கேயே காலமானார். என் வீட்டுக்கார அம்மையார் 1958இல் பள்ளி முடித்தபோது அவருடைய வகுப்பில் பதினேழு பேர் இருந்தார்கள். அவர்களில் ஊரில் தங்கியவர்கள் மூவர். அவரும் கிளம்பியவர்தான். ‘போய்த்தான் ஆக வேண்டியிருந்தது, போன இடத்தில் நான் வராவிட்டால் எதுவும் நின்றுபோகவில்லை’ என்று சொன்னார். இந்த இரண்டு பாதிகளில் முதலாவதை உங்கள் சம்பந்தி அம்மாளும் இரண்டாவதை உங்கள் சம்பந்தியும் சொல்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. அடுத்த முறை அவர்களைப் பார்க்கும்போது, அந்தக் காலம் நல்லதா கெட்டதா என்று கேட்காதீர்கள். வீட்டுத் தொலைபேசிக்கு எத்தனை மணி அடிக்கும் என்று இருவரிடமும் தனித்தனியே கேளுங்கள். எனக்குத் தெரிந்து அந்த எண்ணிக்கையை மறந்தவர் ஒருவர்கூட இல்லை. அதைச் சொல்லத் தொடங்கினால் யார் ஒட்டுக்கேட்டார்கள் என்பதும் பின்னாலேயே வரும்.